லண்டனா, ஜெனீவாவா, ஸ்டுட்கார்ட்டா, டென் போஸா? உள்ளரங்கக் குதிரையேற்றப் போட்டி பார்க்க எங்கே போவது

ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023-ல் இந்திய டிரஸாஜ் (பழக்கிய குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டி) அணி தங்கம் வாங்கியது. குதிரை என்றால் கிண்டிப் பந்தயம்தான் என்று இருந்த பலர் அதற்குப் பிறகு யூடியூபில் வேறு மாதிரிக் குதிரைகளைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த அணியில் இருந்த அனுஷ் அகர்வாலா அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இறங்கினார். அதிலிருந்து, "ஒரு தடவையாவது நேரில் பார்க்கணும், எங்கே போகலாம்?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஐரோப்பாவின் குளிர்கால உள்ளரங்கப் போட்டிகளைத்தான். திறந்தவெளிப் போட்டிகளில் மைதானம் பரந்து கிடக்கும், மழை வரும், பாதி நேரம் நடப்பதிலேயே போகும். உள்ளரங்கில் எல்லாமே ஒரே கூரைக்குக் கீழ். அக்டோபரிலிருந்து மார்ச் வரை உலகின் முதல் வரிசை வீரர்கள் ஊர் ஊராக இந்த அரங்குகளைத்தான் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

கேட்கிறவர்கள் பெரும்பாலும் நான்கு ஊர்களுக்கு நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: லண்டன், ஜெனீவா, ஸ்டுட்கார்ட், நெதர்லாந்தின் டென் போஸ். நான்கும் நல்ல போட்டிகள். ஆனால் நான்கும் ஒரே மாதிரி ஆளுக்கானவை அல்ல.

## எதை வைத்து முடிவெடுப்பது

எந்தப் பிரிவைப் பார்க்கப் போகிறீர்கள்? இதைத் தீர்மானிக்காமல் ஊரைத் தீர்மானிக்காதீர்கள். உள்ளரங்கில் முக்கியமாக மூன்று வகை. ஒன்று தடை தாண்டுதல். கிராண்ட் பிரி என்ற முதன்மைப் போட்டியில் தடைகள் 1.60 மீட்டர் வரை இருக்கும். ஒரு கட்டை விழுந்தால் 4 தவறுப் புள்ளி. தவறில்லாமல் முடித்தவர்கள் மட்டும் ஜம்ப்-ஆஃப் என்ற கடைசிச் சுற்றுக்குத் திரும்பி வந்து கடிகாரத்தோடு போட்டி போடுவார்கள். இரண்டாவது டிரஸாஜ். அதிலும் இசைக்கு ஏற்றபடி ஆறு நிமிடத்துக்குள் முடியும் ஃப்ரீஸ்டைல்தான் புதியவர்களை உடனே கட்டிப்போடும். மூன்றாவது நான்கு குதிரை வண்டியோட்டம். இதைத் தேடிப் போகிறவர் குறைவு, ஆனால் பார்த்துவிட்டு வந்தவர்கள் முதலில் பேசுவது இதைப் பற்றித்தான். மரவேலித் திருப்பங்களுக்குள் நான்கு குதிரைகளும் பாய, பின்னால் நிற்கும் துணையாட்கள் வண்டி கவிழாமல் உடம்பைச் சாய்த்துத் தொங்குவார்கள். அரங்கமே எழுந்து கத்தும்.

எந்த நாள், எந்தக் காட்சி? டிக்கெட் பெரும்பாலும் காட்சிவாரியாக விற்கப்படும். காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று தனித்தனியாக வாங்கும்போது கூட்டுத்தொகை எங்கேயோ போய்விடும். உங்களுக்கு வேண்டிய பிரிவு எந்த நாளில் வருகிறது என்று நிகழ்ச்சி அட்டவணையில் பார்த்து, அந்த இரண்டு மூன்று காட்சிகளைச் சுற்றிப் பயணத்தைக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

மொத்தச் செலவு. டிக்கெட்டை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. விசா, அறை, சாப்பாடு, உள்ளூர் ரயில் எல்லாம் சேர்ந்த பிறகு டிக்கெட் சின்னத் தொகையாகத்தான் தெரியும். ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவது அறை வாடகை.

இரவில் திரும்புவது. இரவுக் காட்சிகள் சில சமயம் பதினொன்றைத் தாண்டும். குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு, பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது சின்ன விஷயம் இல்லை.

போட்டி இல்லாத நேரம். ஐந்து நாளும் அரங்கிலேயே உட்கார்ந்திருக்க யாராலும் முடியாது. உடன் வருகிறவர்களுக்குக் குதிரையில் ஆர்வம் இல்லையென்றால் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

## லண்டன்: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

லண்டன் சர்வதேசக் குதிரைக் கண்காட்சி 1907-ல் ஒலிம்பியா மண்டபத்தில் ஆரம்பித்தது. 2021 முதல் கிழக்கு லண்டனில் உள்ள எக்ஸெல் மையத்தில் நடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம்தான் இதன் காலம். தடை தாண்டுதல், டிரஸாஜ், வண்டியோட்டம் மூன்றிலும் உலகக் கோப்பைச் சுற்று இங்கே உண்டு.

டிரஸாஜ் ரசிகர்களுக்கு இந்தப் போட்டியின் பெயரே தனி. ஷார்லட் டுஜார்டினும் வலெக்ரோ குதிரையும் ஃப்ரீஸ்டைலில் 93.975 சதவீதம் எடுத்து 2013-ல் உலக சாதனை வைத்தது இங்கேதான். அடுத்த வருடமே அதை 94.300 ஆக்கியதும், 2016-ல் வலெக்ரோவுக்கு விடைகொடுத்ததும் இங்கேதான். எல்லாம் பழைய ஒலிம்பியா மண்டபத்தில் நடந்தவை. அந்தக் கண்ணாடிக் கூரைக்குக் கீழ் இருந்த நெருக்கம் எக்ஸெலில் இல்லை என்று பழைய ரசிகர்கள் இன்னும் புலம்புவார்கள். முதல் தடவை போகிற உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

லண்டனின் பலம் வகை. போட்டிகளுக்கு நடுவில் நாய்கள் தடை தாண்டும், ஷெட்லண்ட் மட்டக்குதிரைகள் மேல் குழந்தைகள் பந்தயம் ஓட்டுவார்கள், காட்சி முடிவில் கிறிஸ்துமஸ் தாத்தா வருவார். சுத்தமான விளையாட்டு ரசிகருக்கு இது கொஞ்சம் திருவிழாத்தனமாகப் படலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதுதான் வேண்டும்.

அப்புறம் புய்சான்ஸ். ஒரே ஒரு பெரிய சிவப்புச் சுவர், சுற்றுக்குச் சுற்று உயர்ந்துகொண்டே போகும். 1978-ல் நிக் ஸ்கெல்டன் லாஸ்டிக் என்ற குதிரையில் இதே கண்காட்சியில், புய்சான்ஸ் அல்லாத தனி உயரத் தாண்டுதலில், 2.32 மீட்டர் தாண்டினார். நம் வீட்டு வாசல் நிலையைவிட உயரம். குதிரைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியாது. விதி தெரியாதவர்கூடப் புரிந்துகொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்ளும் போட்டி இது ஒன்றுதான்.

போக்குவரத்தில் லண்டனை மிஞ்ச முடியாது. சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரடி விமானம் உண்டு. ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் ரயிலில் ஏறினால் மாறாமலே கஸ்டம் ஹவுஸில் இறங்கலாம். இறங்கினால் எக்ஸெல் வாசல். அரங்கை ஒட்டிய ஹோட்டல்கள் அந்த வாரம் விலையை ஏற்றிவிடும் என்பதால் ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கமோ ஈஸ்ட் ஹாம் பக்கமோ தங்குவது மேல். ஈஸ்ட் ஹாமில் தங்கினால் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் தோசை, பக்கத்தில் முருகன் கோயில். மாமனார் மாமியாரைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு. முதலாவது தேதி. டிரஸாஜ் வழக்கமாக முதல் இரண்டு நாளிலேயே, அதாவது வாரநாளில் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை வந்திறங்கினால் அது போச்சு. இரண்டாவது, திரும்பும் விமானம். மார்கழி சீசனுக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் லண்டனிலிருந்து ஊருக்கு வருகிற கூட்டம் மொத்தமும் அந்த நாலைந்து நாளில்தான் கிளம்பும். நீங்கள் திரும்புவதும் அதே விமானங்களில்தான். டிசம்பர் 25 அன்று லண்டனில் ரயிலும் பஸ்ஸும் கிடையாது என்பதால் அதையும் தள்ளிக் கணக்குப் போட வேண்டும். மூன்றாவது, பிரிட்டன் விசா தனி. கட்டணம் 120 பவுண்டுக்கு மேல். அதை வைத்துக்கொண்டு மற்ற மூன்று ஊர்களும் இருக்கும் ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே பொது விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) போக முடியாது.

## ஜெனீவா: தடை தாண்டுதலுக்காகவே போகிறவர்களுக்கு

1926-ல் தொடங்கிய ஜெனீவா போட்டி டிசம்பர் இரண்டாம் வார வாக்கில் பாலெக்ஸ்போ மண்டபத்தில் நடக்கிறது. உலகின் மிகப் பெரிய உள்ளரங்குகளில் ஒன்று இது. தடை தாண்டுதலில் ரோலெக்ஸ் கிராண்ட் ஸ்லாம் என்ற தொடர் இருக்கிறது. ஜெனீவா, ஜெர்மனியின் ஆஹன், கனடாவின் ஸ்ப்ரூஸ் மெடோஸ் மூன்றோடு 2013-ல் தொடங்கியது. டென் போஸ் 2018-ல் சேர்ந்தது. அடுத்தடுத்து மூன்றில் கிராண்ட் பிரியை வென்றால் பத்து லட்சம் யூரோ. ஸ்காட் பிராஷ் 2014 டிசம்பரில் ஜெனீவாவில் ஆரம்பித்து 2015-ல் இதை முடித்துக் காட்டினார். குதிரை ஹலோ சாங்டோஸ்.

ஜெனீவாவில் தவறவிடக் கூடாதவை இரண்டு காட்சிகள். ஒன்று, வழக்கமாக வெள்ளி இரவு நடக்கும் டாப் 10. உலகத் தரவரிசையின் முதல் பத்து பேர் மட்டும் மோதுவார்கள். இன்னொன்று ஞாயிறு கிராண்ட் பிரி. சுவிஸ்காரரான மார்ட்டின் ஃபுக்ஸ் 2019-லும் 2021-லும் அதை வென்றார். சுவிஸ் வீரர் ஒருவர் ஜம்ப்-ஆஃபுக்கு வந்துவிட்டால் அரங்கில் காது அடைத்துப் போகும். வெளிமைதானத்துக்கான கிராஸ்-கன்ட்ரி தடைகளை மண்டபத்துக்குள் கொண்டுவந்து வைக்கிற ஒரு போட்டியும் உண்டு.

அரங்கு பெரியது என்பதால் தடைகளுக்கு நடுவே குதிரை நன்றாக நீண்டு ஓடும். சிறிய அரங்குகளில் இந்த வேகம் வராது. இதை ரசிக்க ஒரு வழி சொல்கிறேன். போட்டிக்கு முன்னால் வீரர்கள் காலால் நடந்து தடைகளுக்கு நடுவில் அளப்பார்கள். அதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். ஒரு வீரர் தடையில் முதுகை ஒட்டி நின்று புறப்படுவார். குதிரை தரையிறங்க இரண்டு தப்படி, பிறகு ஒரு பாய்ச்சலுக்கு நான்கு தப்படி, அடுத்த தடைக்கு எழும்ப இரண்டு தப்படி. ஆக மொத்தம் 24 தப்படி வந்தால் நடுவில் ஐந்து பாய்ச்சல். நீங்களும் மேலேயிருந்து எண்ணுங்கள். போட்டி தொடங்கியதும் அந்த இடத்தில் எல்லோரும் ஐந்து போடுவார்கள். ஜம்ப்-ஆஃபில் யாராவது ஒருவர் துணிந்து நான்காகக் குறைப்பார். ஒன்று நேரம் மிச்சமாகும், இல்லையென்றால் கட்டை விழும். இது புரிந்துவிட்டால் அப்புறம் ஒரு குதிரையையும் சும்மா பார்க்க மாட்டீர்கள்.

டிரஸாஜ்தான் உங்கள் ஆசை என்றால் ஜெனீவாவை விட்டுவிடுங்கள். இதன் பெயர் அதனால் வந்ததில்லை.

பாலெக்ஸ்போ விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம். ஊருக்குள் போகும் ரயில் ஏழெட்டு நிமிடம். ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு உள்ளூர்ப் போக்குவரத்து அட்டை இலவசம்.

மறைந்திருக்கும் செலவு. ஜெனீவாவே ஒரு செலவுதான். இரவுக்கு 200 பிராங்குக்குக் கீழே சுமாரான அறை கிடைத்தால் அதிர்ஷ்டம். இரண்டு பேர் சாதாரணமாகச் சாப்பிட்டாலே 50 பிராங்க் பறந்துவிடும். இதோடு, 1602 டிசம்பர் 12 அன்று சவாய் படையை விரட்டியடித்ததன் நினைவாக நகரம் எஸ்கலாட் விழா கொண்டாடுவதும் அதே வாரத்தில்தான் வரும். தீப்பந்த ஊர்வலம், சாக்லேட் பானை உடைப்பு எல்லாம் பார்க்க அழகு, அறை தேடுகிறவருக்குத் தலைவலி. இதற்கு வழி எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்ஸில் அனெமாஸில் தங்குவது. லெமான் எக்ஸ்பிரஸ் ரயில் ஜெனீவாவோடு நேரே இணைக்கிறது, இரண்டு பக்கமும் ஷெங்கன் என்பதால் விசாச் சிக்கலும் இல்லை. ஆனால் இரவுக் காட்சி முடிந்து கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

லண்டனிலிருந்து வருகிறவர்கள் சனிக்கிழமை விமானத்தைத் தவிர்ப்பது நல்லது. பனிச்சறுக்குக் கூட்டம் மொத்தமும் சனிக்கிழமைதான் ஜெனீவாவில் இறங்கும். சூரிச், பெர்ன் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு இந்த எந்தத் தொல்லையும் இல்லை: காலை ரயிலில் வந்து ஞாயிறு கிராண்ட் பிரி பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பலாம். அவர்களுக்கு நான்கில் மலிவானது சந்தேகமில்லாமல் ஜெனீவாதான்.

குதிரையில் ஆர்வமில்லாதவர் உடன் வந்தால் 18-ஆம் எண் டிராமில் செர்ன் இயற்பியல் ஆய்வகத்துக்கு அனுப்பிவைக்கலாம். அங்கே பார்வையாளர் மையத்துக்குக் கட்டணம் இல்லை. 2004-ல் இந்தியா கொடுத்த நடராஜர் சிலை ஆய்வக வளாகத்துக்குள் இருக்கிறது.

## ஸ்டுட்கார்ட்: யாரும் முதலில் நினைக்காத ஊர்

என்னைக் கேட்டால் சென்னையிலிருந்து போகிற பலருக்குச் சரியான பதில் இதுதான். பெயரில் லண்டனின் பகட்டும் ஜெனீவாவின் பளபளப்பும் இல்லாததால் யாரும் கேட்பதில்லை.

ஜெர்மன் மாஸ்டர்ஸ் 1985 முதல் நவம்பர் நடுவில், புதன் தொடங்கி ஞாயிறு வரை ஹன்ஸ்-மார்ட்டின்-ஷ்லையர் அரங்கில் நடக்கிறது. தடை தாண்டுதல், டிரஸாஜ், வண்டியோட்டம் மூன்றுக்கும் உலகக் கோப்பைச் சுற்று இங்கேயும் உண்டு. லண்டனில் இருக்கிற அதே மூன்று, நாய்களும் தாத்தாவும் இல்லாமல்.

வித்தியாசம் கூட்டத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் குதிரையேற்றம் ஊருக்கு ஊர் கிளப் வைத்து நடக்கிற விளையாட்டு. பக்கத்து இருக்கையில் இருக்கும் பெண்மணி தானே குதிரை ஓட்டுகிறவராக இருப்பார். ஒலிம்பிக்கில் 8 தங்கம் உட்பட 14 பதக்கம் வாங்கிய இசபெல் வெர்த் போன்றவர்கள் உள்ளே வந்தால் அரங்கம் முதலில் அடங்கும். பியாஃப் என்று ஒரு அசைவு இருக்கிறது, குதிரை முன்னே நகராமல் நின்ற இடத்திலேயே தாளத்துக்குக் காலெடுத்து வைக்கும். அது சரியாக அமைந்த நொடியில் வரிசை வரிசையாகத் தலைகள் ஆடும். சபாவில் நிரவல் சரியாக விழுந்தால் என்ன நடக்குமோ அதே.

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம், விமான நிலையத்துக்குக் கீழேயே நீள்தூர ரயில் நிலையம், அங்கிருந்து ஸ்டுட்கார்ட் அதிவேக ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். அரங்குக்கு எஸ்-பான் ரயிலில் நெக்கர்பார்க் இறங்கி நடக்கலாம். அதே இடத்தில்தான் மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகம், எனவே வண்டிப் பிரியர்களுக்கு அரை நாள் கழிந்துவிடும். குதிரைப் பிரியர்களுக்கு இன்னும் நல்லதாக ஒன்று: ஷ்வேபியன் ஆல்ப் மலைப்பகுதியில் மார்பாஹ் அரசுக் குதிரைப் பண்ணை. ஐந்நூறு வருடப் பழமை, அரபுக் குதிரைகளுக்குப் பேர்போனது. ஊரிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

நவம்பர் நடுப்பகுதி சுற்றுலாப் பயணிகள் வராத பருவம். அதனால் அறையும் விமானமும் நான்கு ஊர்களில் இங்கேதான் பெரும்பாலும் இறங்கி இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு. பணமாக இல்லை, மனசாக. ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், வானம் சாம்பல் நிறத்திலேயே இருக்கும், கிறிஸ்துமஸ் சந்தை போட்டி முடிந்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் திறக்கும். அறிவிப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில். விதிகளைக் கொஞ்சம் படித்துக்கொண்டு போகாவிட்டால் டிரஸாஜ் மதியம் நீளமாகத் தெரியும். குழந்தைகளை மகிழ்விக்கும் நிகழ்ச்சிகள் லண்டன் அளவுக்கு இல்லை.

## டென் போஸ்: மார்ச்சில்தான் முடியும் என்பவர்களுக்கு

டச்சு மாஸ்டர்ஸ் மார்ச் நடுவில் பிராபன்ட்ஹாலன் மண்டபத்தில் நடக்கும். 1967-ல் இன்டோர் பிராபன்ட் என்ற பெயரில் தொடங்கியது. டிரஸாஜ் உலகக் கோப்பைச் சுற்றும் கிராண்ட் ஸ்லாம் தடை தாண்டுதலும் ஒரே வார இறுதியில் வருவது இதன் சிறப்பு. நான்கே நாள், இடைநிகழ்ச்சிகள் குறைவு, கச்சிதமான போட்டி.

ரயில் பலகையில் ஸ்-ஹெர்டோகன்போஸ் என்று நீளமாகப் போட்டிருப்பார்கள், அதே ஊர்தான். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், நிலையத்திலிருந்து மண்டபத்துக்கு நடக்கிற தூரம். ஊர் சின்னது, அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். உட்ரெக்ட்டில் தங்கிப் போய்வருவது எளிது. கையளவு சாக்லேட் உருண்டைக்குள் கிரீம் நிரப்பிய போஸ்சே போலை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், பையில் வைத்தால் தாங்காது.

ஒரு எச்சரிக்கை. துலிப் தோட்டத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் நிறைய. கூகன்ஹோஃப் பெரும்பாலும் போட்டி முடிந்த பிறகுதான் திறக்கும், திறந்த முதல் வாரத்தில் வெளிவயல்களில் பூவும் அதிகம் இருக்காது.

## ஒரே பார்வையில்

| | லண்டன் | ஜெனீவா | ஸ்டுட்கார்ட் | டென் போஸ் |
|---|---|---|---|---|
| காலம் | கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் | டிசம்பர் இரண்டாம் வார வாக்கில் | நவம்பர் நடுவில் | மார்ச் நடுவில் |
| தடை தாண்டுதல் | நன்று, புய்சான்ஸ் கூடுதல் | நான்கில் முதலிடம் | நன்று | மிக நன்று |
| டிரஸாஜ் | உண்டு, முதல் நாட்களில் | இதற்காகப் போக வேண்டாம் | உண்டு, விவரமான கூட்டம் | உண்டு |
| வண்டியோட்டம் | உண்டு | உண்டு | உண்டு | இதற்காகப் போக வேண்டாம் |
| குழந்தைகளுக்கு | மிகப் பொருத்தம் | பரவாயில்லை | சுமார் | சுமார் |
| விசா | பிரிட்டன் | ஷெங்கன் | ஷெங்கன் | ஷெங்கன் |
| அறை வாடகை | அதிகம் | மிக அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| சென்னையிலிருந்து | நேரடி விமானம் | மாறிப் போக வேண்டும் | ஃபிராங்க்ஃபர்ட் வரை நேரடி | மாறிப் போக வேண்டும் |

## உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கே போனால் என்ன?

போகலாம், ஆனால் அது ஊர் மாறிக்கொண்டே இருக்கும். 2022 லைப்ஸிக், 2023 ஓமாஹா, 2024 ரியாத், 2025 பாசெல், 2026 ஃபோர்ட் வொர்த். ஊர் மாறினால் விசாவும் செலவும் தலைகீழாகும். உங்களுக்கு ஏற்கனவே விசா இருக்கும் நாட்டுக்கு அது வரும் வருடம் பார்த்துப் போங்கள்.

## எந்த ஊரானாலும்

குதிரையை நம்பி டிக்கெட் வாங்காதீர்கள். வீரர் பட்டியல் போட்டி நெருங்கும்போதுதான் உறுதியாகும். அதற்குப் பிறகும் குதிரைக்குக் கால் லேசாகப் பிசகினால் விலக்கிவிடுவார்கள். போட்டியே நின்றுபோவதும் உண்டு. 2021-ல் கோத்தன்பர்க்கில் நடக்கவிருந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியைக் குதிரைகளுக்கு வரும் ஹெர்பிஸ் தொற்று கெடுத்தது. அறையைப் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் போடுங்கள்.

இருக்கையில் காசு மிச்சம் பிடிக்க இடமுண்டு. தடை தாண்டுதலுக்கு விலை அதிகமான முன்வரிசை தேவையே இல்லை. அங்கே தடைகளும் விளம்பரப் பலகைகளும் பாதியை மறைக்கும். நீளப் பக்கத்தின் நடுவில், பாதி உயரத்தில் உட்கார்ந்தால் முழுப் பாதையும் தெரியும். டிரஸாஜுக்குக் கணக்கு வேறு. குட்டைப் பக்கத்தில் இருந்தால் குதிரை நேர்கோட்டில் வருகிறதா என்பது தெரியும், நீளப் பக்கத்தில் இருந்தால் காலை எவ்வளவு நீட்டி வைக்கிறது என்பது தெரியும். முதல் தடவைக்கு நீளப் பக்கமே நல்லது.

ஜெனீவா முடிந்து சில நாளில் லண்டன் தொடங்கும் என்பதால் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம் என்று தோன்றும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, பிரிட்டனுக்குத் தனிக்கட்டணம், இரண்டுக்கும் தனித்தனி மையக் கட்டணம். அதைவிடச் சிக்கல், பெரும்பாலும் ஒன்று முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் இன்னொன்றுக்குக் கொடுக்க முடியும். ஷெங்கனுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தும் பிரிட்டனுக்கு மூன்று மாதம் முன்பிருந்தும் விண்ணப்பிக்கலாம் என்பதால் ஷெங்கனை முதலில் முடியுங்கள். சுவிஸ் வதிவிட உரிமை இருந்து இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் லண்டனுக்கு விசா வேண்டும். சுவிஸ் பாஸ்போர்ட் என்றால் இணைய வழிப் பயண அனுமதி போதும்.

## யாருக்கு எது

குழந்தைகளும் பெரியவர்களுமாகப் போகிறீர்கள், லண்டனில் சொந்தக்காரர் வீடு இருக்கிறது: யோசிக்கவே வேண்டாம், லண்டன். அறைச் செலவு போனால் கணக்கே மாறிவிடும். தடை தாண்டுதல் ஒன்றுதான் வேண்டும், பணம் பெரிய தடை இல்லை, அல்லது ஏற்கனவே சுவிஸில் இருக்கிறீர்கள்: ஜெனீவா, வெள்ளி இரவும் ஞாயிறும். ஜனவரி பொங்கல் எல்லாம் முடித்துத்தான் விடுப்புக் கிடைக்கும் என்றால் டென் போஸ்.

இரண்டு பேராக, சென்னையிலிருந்து, அளவான செலவில், மூன்று பிரிவையும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் ஸ்டுட்கார்ட். குளிரும் இருட்டும் அரங்குக்கு வெளியேதான்.

வரிசை இதுதான்: முதலில் நிகழ்ச்சி அட்டவணை, அடுத்து இரண்டு மூன்று காட்சிகளுக்கு மட்டும் டிக்கெட், பிறகு ரத்து செய்யக்கூடிய அறை, பிறகு விசா, கடைசியில் விமானம். ஷெங்கனுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். போட்டி டிக்கெட்டை அச்செடுத்து விசா விண்ணப்பத்தோடு வையுங்கள். எதற்காக, எந்தத் தேதியில் போகிறீர்கள் என்பதற்கு அதுவே நேரடியான சான்று.